பெண் பார்த்த கேசட்

ஆடித்தபசு முடிந்து ஒரு வாரம் இருக்கும். பஸ் நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற சிவகிரி வண்டியின் ஜன்னலிலிருந்து ஒருத்தன் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"காப்பி ஆறிரப் போவுது. சீக்கிரம் கொண்டா தாயீ."

வேறு யாரையோ சொல்கிறான் என்று நடந்தேன். சில நாள் கழித்து, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவரும் அம்மா தராசைத் தூக்கிப் பிடித்தபடியே, "நீ அஞ்சடி ரெண்டுதான? எங்க மவளும் அதே உயரந்தான்" என்றாள். கிளை நூலகத்தில் இரண்டு கல்லூரிப் பையன்கள் என்னைக் கண்டதும் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் விரல்களை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் அப்படித்தான். கையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருந்துவிட்டால் தெருவில் யார் என்ன சொன்னாலும் பாதிதான் காதில் விழும். மீதிப் பாதி நான் பார்த்தேயிராத ஏதோ ஒரு ஊரின் பனியில் புதைந்து கிடக்கும். அதற்காக இரண்டு மாதம் புதைந்து கிடந்திருக்கக் கூடாது.

புரட்டாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகபூப் பீவி அக்கா கூப்பிட்டனுப்பினாள். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. கணவர் சவூதியில் கட்டட வேலை. போன வருஷம் விடுப்பில் வந்தவர் ஒரு டிவியும், வீடியோ கேசட் ஓட்டுகிற ஒரு டெக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். 1986-இல் எங்கள் ஊரில் டிவியைத் திறந்தால் புள்ளிமழைதான் தெரியும். ஆனாலும் ஆளாளுக்கு டிவி வாங்கினார்கள். எல்லாம் டெக்குக்காக. வாங்க முடியாதவர்கள் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு அந்தச் செலவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தலைக்கு ஒரு ரூபாய் போட்டு ஒரு கேசட் எடுத்து அக்கா வீட்டில் படம் பார்ப்பார்கள்.

நான் போனபோது பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கேசட்டை உள்ளே தள்ளினாள். படம் தொடங்கும்வரை படிக்கலாம் என்று நான் புத்தகத்தைப் பிரித்தேன்.

"ஏட்டி ஆறுமுகத்தாய், இது நீயில்லா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய்.

நிமிர்ந்தேன். டிவியில் எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது. பச்சைப் பட்டுப்புடவையில் நான் தட்டை ஏந்திக்கொண்டு வந்தேன். தட்டில் காப்பி. மூன்றடி நடந்து, நின்று, நேராகப் பார்த்து, காப்பியை நீட்டினேன். எதிரில் யாரும் இல்லை.

"யா அல்லா, நம்ம ஆறுமுகந்தான்!" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சினிமால சேந்ததப் பத்தி ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

"மூஞ்சியப் பாரேன், காப்பில உப்பப் போட்டுட்டவ மாதிரி!"

அக்காவின் நாத்தனார் ரசீதா என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட, இது நீதானா? எங்க மாமி வீட்ல இந்தப் படம் ரெண்டு மட்டம் போட்டாச்சி. படத்துக்கு முன்னால போடுத காப்பித்தூள் வெளம்பரம்னுல்லா நெனச்சோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்த முகத்தை டிவியில் பார்த்த சந்தோஷம், அவ்வளவுதான். எனக்கோ காதுக்குள் வெந்நீர் ஊற்றியதுபோல் இருந்தது.

அது பங்குனியில் எடுத்தது. இளையரசனேந்தல் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்குத் துபாயில் வேலை. பெண் பார்க்க வர விடுப்பு இல்லை என்பதால், பெண்ணை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி அவர் அப்பா கடிதம் எழுதினார். என்னென்ன எடுக்க வேண்டும் என்றும் அதிலேயே வரிசையாக எழுதியிருந்தார். கால் ஊனம் இல்லை என்று தெரிய நடந்து வர வேண்டும். கதவு நிலையில் அளவு குறித்து அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். முடியின் நீளம் தெரியத் திரும்பி நிற்க வேண்டும். கண் பார்வைக்கு ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். பேச்சு திக்காமல் வருகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் செய்தித்தாள் வாசிக்க வேண்டும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் நேரில் செய்கிற சோதனைகள்தாம் இவை. ஆனால் நேரில் என்றால் நாலு பேர் வருவார்கள், பஜ்ஜி தின்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் என்னைப் பார்க்கும்போது நானும் அவர்களைப் பார்ப்பேன். இதில் நான் பார்த்தது வீடியோ கடைக்காரர் சண்முகையாவின் காமிராக் கண்ணாடியையும், முகத்தைச் சுட்ட இரண்டு விளக்குகளையும்தான். "சிரிக்காத தாயீ, அடக்கமா வரட்டும்" என்று அவர் ஒரு பக்கம் சொல்ல, "கொஞ்சம் சிரிக்கட்டும் வே, உம்முனு இருந்தா திமிருன்னு நெனப்பாவ" என்று அப்பா இன்னொரு பக்கம் சொன்னார். காப்பி நாலு தடவை ஆறிப்போய் ஐந்தாவதாகப் போட்டதைத்தான் எடுத்தார்கள்.

செய்தித்தாள் வாசிக்கும் இடத்தில் மட்டும் நான் ஒரு காரியம் செய்தேன். தாளுக்குள் ஒரு நாவலை ஒளித்து வைத்துக்கொண்டேன். அட்டையும் முதல் பதினாறு பக்கமும் இல்லாத நூலகப் புத்தகம். தலைப்புகூட எனக்குத் தெரியாது. அதில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, பனி கொட்டும் இரவில் ஒரு சிறிய ரயில் நிலையத்துக்கு வந்து சீட்டுக் கொடுப்பவனிடம் பேசுகிற பக்கம். அதைத்தான் வாசித்தேன். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், நடையும் உயரமும் முடியும் எல்லாம் அப்பாவும் அந்த மாப்பிள்ளையின் அப்பாவும் பேசி முடிவு செய்தவை. இந்த ஒரு பக்கம் மட்டும் நான் கொடுப்பது. கடல் தாண்டி எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் அதைக் கேட்டு, இது செய்தித்தாள் இல்லையே, இந்தப் பெண் என்னிடம் ஏதோ சொல்கிறாள் என்று புரிந்துகொள்வார் என நம்பினேன். ஆனியில் கேசட் திரும்பி வந்தது, ஒரு குப்பி கோடாலித் தைலத்தோடு. உயரம் போதாதாம்.

இப்போது அக்கா வீட்டு டிவியில் நான் அந்தப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கியிருந்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவள் கையுறையைக் கழற்றிக் கண்ணாடியில் தட்டினாள். இந்த ரயில் எங்கே போகும் என்று எனக்குத் தெரிய வேண்டாம், எனக்கு ஒரு..."

அங்கே திரை ஒரு முறை கிழிந்தது. டமடமவென்று மேளம். படத்தின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது.

"அவ்வளவுதான், இனிமே படம்" என்றாள் ரசீதா, அனுபவசாலிபோல.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். நான் வாசிக்கத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கேசட்டைப் பின்னால் சுற்றக்கூடச் செய்யாமல் அப்படியே எடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் நிறுத்திய அதே இடத்திலிருந்து யாரோ சினிமாவைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நான் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் ராஜபாளையம் சாலைக்கு நடந்தேன்.

சண்முகையாவின் 'சுகந்தி வீடியோஸ்' ஒரு சைக்கிள் கடையைப் பாதியாகத் தடுத்த இடம். சுவர் முழுக்க நம்பர் ஒட்டிய கேசட்டுகள். அவர் ஒரு கேசட்டின் மூடியைத் திறந்து நாடாவைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மகபூப் பீவி அக்கா வீட்டுக்குக் குடுத்தியளே, அந்தக் கேசட்டுல நான் இருக்கேன்."

"ஆமா தாயீ." அவர் முகத்தில் எந்தக் குற்றவுணர்வும் இல்லை. "கலரு நல்லா வந்திருக்குல்லா? அந்தப் பச்சைப் புடவ அப்பிடியே நிக்கி."

"என்னைய எதுக்கு ஊரு பூரா சுத்த விட்டிய?"

"நான் எங்க விட்டேன்? தபசுக் கூட்டம். புதுப்படம் கேட்டு வாசல்ல ஆளு நிக்காவ. கையில வெத்து கேசட்டு கெடையாது. கெடச்சதப் போட்டு டெக்க அமுக்கினேன். பெறவுதான் பாத்தேன், முன்னால நீ வார. ஒரு ஆளாவது கொற சொல்லணுமே! குடும்பப் பாங்கா இருக்குன்னுதான் சொல்லுதாவ."

"அது எங்க வீட்டுக் கேசட்டு. உங்க கைக்கு எப்பிடி வந்திச்சி?"

பஞ்சைப் பிடித்திருந்த கை நின்றது. "உங்க அப்பா சொல்லலியா? அவுகதான் ஆனி மாசம் கொண்டாந்து குடுத்தாவ. பாதி வெலைக்கி எடுத்துக்கிட்டேன்."

என் கண் சுவரில் இருந்த கேசட் நம்பர்களுக்குப் போனது. அதை அவர் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "வார ஞாயித்துக்கெழம இன்னும் பிரமாதமா எடுத்துருவோம். புது லைட்டு வாங்கியிருக்கேன். பஹ்ரைன் மாப்பிள்ளையாம்லா? அதே பச்சைப் புடவயே கெட்டிக்க தாயீ" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தது நினைவில் இல்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கூட்டுறவு வங்கிக்கு மறுநாள் போட்டுப் போகிற சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மருதப்பன் என்றால் வங்கியில் எல்லோருக்கும் தெரியும். தேதி கிழித்த காலண்டர் தாளின் முதுகில் கடிதம் எழுதுகிற மனிதர். அம்மா முருகம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

"எப்பா, அந்தக் கேசட்ட வித்தியளா?"

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தக் கேசட்டு?"

"என் கேசட்டு."

"பின்ன? மூணு மணி நேரம் ஓடுத கேசட்டுட்டி. அதுல நீ இருக்கது இருவது நிமிசம். வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டான், வீட்ல டெக்கும் கெடையாது. பூட்டி வச்சி பூச பண்ணச் சொல்லுதியா?"

"அதுல சினிமாப் படத்தப் போட்டு வாடகைக்கி விடுதாவ. முன்னால நான் வாரேன். காப்பியத் தூக்கிட்டு, சடையக் காட்டிட்டு. பஸ்ஸுல போறவனெல்லாம் காப்பி கேக்கான்."

"அழிச்சிட்டுத்தான் போடுவான்னு நெனச்சேன்." இப்போது நிமிர்ந்தார். "அந்தப் பய ஒழுங்காச் செய்யலன்னா நான் என்ன செய்ய? கேட்டுக்கிடுதேன் போ."

"ஞாயித்துக்கெழம திரும்பவும் எடுக்கப் போறியளாமே."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"வரன் வந்தா காட்டாம இருக்க முடியுமா? இருவத்திரெண்டு வயசு ஆவுது ஒனக்கு. செலவப் பாக்காமத்தான செய்யுதேன். ஒனக்காகத்தானட்டி செய்யுதேன்."

"நீங்க அந்தக் கேசட்டப் பாத்தியளா?"

"எங்கன பாக்க? எடுத்தான், அன்னைக்கே குடுத்தனுப்பிட்டோம்."

"இப்பப் பாக்க வாங்க."

"ஏட்டி, பைத்தியமா ஒனக்கு? பொம்பளைய உக்காந்திருக்க எடத்துல நான் எதுக்கு?"

"ஊர்ல அம்புட்டு ஆம்பளையும் பாத்தாச்சி. நீங்க ஒருத்தருதான் பாக்கல. வாங்கப்பா."

என் குரல் தெருவரை கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பயந்துதான் அப்பா எழுந்தார் என்று நினைக்கிறேன். பட்டன் பாதி தைத்த சட்டையையே போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார்.

அக்கா வீட்டில் படத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவைக் கண்டதும் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். "என்ன அண்ணாச்சி, வாங்க" என்று மகபூப் பீவி அக்கா குழப்பத்தோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, முதல்ல இருந்து ஓட்டுங்க" என்றேன்.

"இப்பந்தான் தாலி கெட்டப் போறான்" என்றாள் பேச்சித்தாய்.

"மெதுவாக் கெட்டட்டும்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மறுபேச்சில்லாமல் பொத்தானை அமுக்கினாள். டெக் உறுமிக்கொண்டு பின்னால் சுற்றியது.

பச்சைப் புடவை வந்தது. அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் டிவியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். நான் நடந்து வந்தேன், காப்பியை நீட்டினேன். "நிலைக்கி பெயிண்ட் அடிச்சிருக்கணும்" என்று தனக்குத்தானே சொன்னார். உயரக் குறிக்குப் பக்கத்தில் நின்றேன். திரும்பினேன். காமிரா என் பின்னலின் நுனியிலிருந்து மெல்ல மேலே ஏறியது. அப்பா வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

ஊசியில் நூல் கோர்க்கும்போது முதல் தடவை தவறியது. பழக்கதோஷத்தில் ரசீதா, "தவறிட்டா, தவறிட்டா" என்று பாட்டுப்போல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் கழுத்து சிவந்தது.

பிறகு செய்தித்தாள். "அவள் கையுறையைக் கழற்றிக் கண்ணாடியில் தட்டினாள். இந்த ரயில் எங்கே போகும் என்று எனக்குத் தெரிய வேண்டாம், எனக்கு ஒரு..." மேளம்.

"இது என்னது? பேப்பர்ல இப்பிடியா போட்டிருந்தான்?" என்றார் அப்பா.

"பேப்பர் இல்ல. நான் படிச்சிட்டிருந்த கத. நீங்க பாத்து வச்ச மாப்பிள்ளைக்கி வாசிச்சேன். அவன் இங்கனதான் நிறுத்தியிருக்கான். நீங்க அதையும் பாக்கல, பாதி வெலைக்கி வித்துட்டு வந்துட்டிய."

அக்கா படத்தை நிறுத்தியிருந்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அது தெரிந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சரி விடு. இந்த மட்டம் கேசட்ட விக்க வேண்டாம். நாமளே வச்சிக்கிடுவோம்."

அவர் இதைத்தான் புரிந்துகொண்டார். கேசட்டை யார் வைத்துக்கொள்வது என்பதை.

நான் எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கினேன். கேசட் வெளியே வந்தது, சூடாக. முன்மூடியைத் தூக்கி நாடாவை விரலில் சுற்றி இழுத்தேன். ஒரு சாண் வந்து சக்கரம் பூட்டிக்கொண்டது.

"ஏட்டி! என்ன செய்யுத? கேசட்டு நூத்தம்பது ரூவாட்டி!" அப்பா எழுந்துவிட்டார்.

"அடியில ஒரு ஓட்ட இருக்கு பாரு" என்றாள் மகபூப் பீவி அக்கா. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி என்னிடம் நீட்டினாள். "அதுல குத்திப் புடி. நாடா சிக்குனா நாங்க அப்பிடித்தான் எடுப்போம்."

"மகபூப்பு, நீயுமா தாயீ? கடக்காரன் ஒன்கிட்டல்லா கேப்பான்!"

"கேட்டா ஒங்க பேரச் சொல்லுதேன் அண்ணாச்சி. நீங்கதான வித்தது." அவள் குரலில் சிரிப்பு இல்லை. "சவூதில இருக்க எங்க வீட்டு ஆம்பளைக்கி நான் பேசிப் பதிஞ்சி அனுப்புத கேசட்ட ஒருத்தன் வெலைக்கிக் கேட்டா அவன் கைய ஒடிப்பேன்."

ஊசியைக் குத்தியதும் சக்கரம் இளகியது. நாடா சரசரவென்று வந்தது. பளபளவென்று, கறுப்பாக, முடிபோல. அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. எதுவுமே எழுதாத நாடா மாதிரிதான் இருந்தது.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "நிறுத்து. ஊரு சிரிக்கும்."

"சிரிச்சாச்சி. ஞாயித்துக்கெழம சண்முகையா அண்ணாச்சி காமிராவத் தூக்கிட்டு வந்தா அதையும் ஒடைப்பேன். நூத்தம்பது ரூவா இல்ல, அது எம்புட்டோ ஆயிரம். நல்லா ரோசிச்சிக்கோங்க."

அவர் பிடி இறுகியது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் அடிக்கட்டும், இன்னொரு கையால் இழுப்பேன். பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து அவருக்கு வழிவிடவும் இல்லை, என்னைத் தடுக்கவும் இல்லை.

அவர் விட்டுவிட்டார். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் நிலையைப் பார்த்துச் சொன்னார்: "சண்முகையாட்ட ஞாயித்துக்கெழம வர வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன். பஹ்ரைன்காரங்களுக்கு வேணும்னா நேர்ல வந்து பாக்கட்டும்."

என் கோபத்துக்காகச் சொன்னாரா, காமிராவின் விலைக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. நன்றி சொல்லவும் தோன்றவில்லை.

"தாலி கெட்டுனானா இல்லியான்னே தெரியாமப் போச்சி" என்று பேச்சித்தாய் முணுமுணுத்தாள்.

"கெட்டுனான், கெட்டுனான். அப்புறம் அவ அழுதா" என்றாள் இரண்டு முறை பார்த்த ரசீதா.

மூன்று மணி நேர நாடா லேசில் தீர்கிற சமாச்சாரம் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் காலை மடக்கி இடம் கொடுத்தார்கள். அது கூடத்தின் நடுவே முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. என்னுடைய இருபது நிமிடம் எப்போதோ போயிருக்கும். கல்யாணமும் போயிருக்கும். விரலில் நாடா அறுத்து எரிந்தது. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.